செக்போஸ்ட்டில் எழுபத்தொன்பது

வாங்கிய அன்று ராத்திரி
அது என்னிடம் கேட்டது: எந்த மொழி?
பதினொன்றாவதாக நின்றது தமிழ். தொட்டேன்.
பிறந்த தேதி கேட்டது.
ரேஷன் கார்டில் உள்ளதைக் கொடுத்தேன், அதுவே பொய்தான்.
கடவுச்சொல் எட்டெழுத்துக்குக் குறையக் கூடாதாம்.
வீருசிக்கம்மாள்.
எண்ணிப் பார், சரியாக எட்டு.
போதாது, எண்ணும் வேண்டும் என்றது.
சுருளிவேல் ஜீப்பின் நம்பரைச் சேர்த்தேன்.
திறந்தது.

கம்பத்தில் ஏறும்போது அஞ்சே கால். சார்ஜ் நூறு.
பதினாறு பேர் மடிமேல் மடியாக,
தூக்குவாளி, படுதா, நேற்றைய ஏல வாடை.
வளைவுக்கு வளைவு ஒவ்வொரு பொட்டாக உதிர்ந்து
கம்பமெட்டு செக்போஸ்ட்டில் எழுபத்தொன்பது.
ஒரு பாட்டு கேட்கவில்லை,
ஒருத்தருக்கும் போன் போடவில்லை.
முந்தானையில் முடிந்தது முடிந்தபடி
வெந்நீர்ச் செம்பாகச் சுட்டது.

"அந்தப் பக்க டவர் கூப்பிடுது, இந்தப் பக்க டவர் கூப்பிடுது,
ரெண்டு வீட்டுக்கும் ஓடியே மூச்சு வாங்குது"
என்றான் சுருளிவேல், ஹாரனை விடாமல்.
கல்யாணமான புதுசில் எனக்கும் அப்படித்தான்.

மூன்று மணிக்குச் செத்தது.
நாலு மணிக்கு எடை.
என் மூட்டைக்குப் பதினாறு காட்டியது தராசு.
பேபிச்சன் நோட்டில் பதிமூன்று ஏறியது.
இதைப் படம் பிடிக்கத்தானே வாங்கினேன் சனியனை,
ஆறாயிரத்து ஐந்நூறு, தவணையில்.
"சார்ஜ் தீர்ந்நோ? ஸ்டோர்ல குத்திக்கோ"
என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அந்தப் பிளக்கை எனக்குத் தெரியும்.
போன மாசம் பவுன்தாய் சொருகினாள்.
அரைமணி காய் புடைத்துக் கொடுத்துவிட்டுத்தான்
போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.
அதற்கப்புறம் அவள் எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைத்தேன்.
வெளிச்சத்தை ஓரத்துக்கு இழுத்தேன்,
அந்தி நேரத்துக் கிணறாக மங்கியது.
நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்ததை நிறுத்தினேன்.
அதற்குத்தான் கங்காணி இருக்கிறாரே.
தொட்டதற்கெல்லாம் நடுங்குவதை நிறுத்தினேன்.
சீட்டு விளையாட்டு ஒன்று, நான் திறக்கவே இல்லை,
உள்ளே உட்கார்ந்து பன்னிரண்டு சதவீதம் தின்றிருந்தது.
துரத்தினேன்.
கடைசியில் அந்த விமானப் படம்.
விமானத்தை நான் அண்ணாந்து பார்த்ததோடு சரி.
மறுநாள் ஜீப்பில் ஏறியதும் தொட்டேன்.
ரெண்டு மாநிலமும் ஒரே சமயத்தில் வாயை மூடின.

சும்மா கிடைக்கவில்லை அது.
தம்பிக்குப் பெண் பிறந்த சேதி
எனக்கு ஏழு மணிநேரம் பழசாக வந்தது,
இறக்கத்தில், வேறு பத்துச் சேதிக்கு நடுவில்:
கேரளம் வரவேற்கிறது, தமிழ்நாடு வரவேற்கிறது,
உங்கள் தவணை நாளை.
"போன் வச்சிருந்தும் இல்லாத மாதிரிதானே நீ" என்றான் தம்பி.
ஆமா என்றேன்.
பிள்ளைக்கு மூக்கு யாரைப்போல என்று கேட்டேன்.

அடுத்த நாள் மழை.
தட்டைக்கு அடியில் குனிந்த முதுகில் படுதா,
காலில் அட்டை,
உப்புப் பாக்கெட் கவருக்குள் போன்.
நாலு மணி.
முள் பதினேழில் ஆடியது. நிற்கட்டும் என்று பொறுத்தேன்.
விரலில் ஈரம், ஏலப் பிசின்.
அது என்னை அடையாளம் தெரியாமல் ரெண்டு தரம்
எட்டெழுத்தும் ஜீப் நம்பரும் கேட்டது.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
அடித்தேன்.
படத்தில் முள், கொக்கி, சாக்கு,
அவர் வாட்ச் கட்டிய மணிக்கட்டு.

நோட்டுக்கு மேல் பேனா கொஞ்சம் நின்றது.
அப்புறம் பதினேழு என்று எழுதியது.

"இன்னைக்குச் சார்ஜ் தீரலையா?"
"அம்பத்திரண்டு இருக்கு சார்."

அணைக்கப் போனேன்.
பவுன்தாய் முழங்கையால் இடித்தாள்.
அவள் மூட்டை அதற்குள் கொக்கியில் தொங்கியது.
"இருடி," என்றாள்.